டிரெய்லர் பேரிங்: ஹப்பைத் திறந்து பாருங்கள்

பயணக் காலம் நெருங்கும்போது கேம்பிங் டிரெய்லர் வைத்திருப்பவர்களின் கடிதங்கள் குவியும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை சக்கர பேரிங் பற்றியவை. எனக்கு அதில் மகிழ்ச்சி. கூரை ஒழுகினால் உடனே கண்ணில் படும், விளக்கு எரியாவிட்டால் அன்றைக்கே தெரியும். பேரிங் அப்படியில்லை. கெட்டுப்போவது வெளியே தெரியும் நேரத்தில் டிரெய்லர் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். பட்டறையில் டிரெய்லர் ஆக்சில்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி: பழைய டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம். "போன வருஷம்தான் கிரீஸ் போட்டோம்" என்று விற்றவர் சொன்னார். அதை நம்பி ஒரு நீண்ட பயணம் போகலாமா?

பதில்: சக்கரத்தின் நடுவில் பேரிங்குகள் உட்கார்ந்திருக்கும் ஹப்பைத் திறந்து பார்க்காமல் போகாதீர்கள். விற்றவரைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. ஹப்பின் வெளி மூடியான டஸ்ட் கேப்பைத் தட்டிக் கழற்றி, உள்ளே கொஞ்சம் கிரீஸை அப்பி மூடியவரும் கிரீஸ் போட்டதாகத்தான் சொல்வார். முழுக்கக் கழற்றி, கழுவி, பார்த்து, புது சீல் போட்டு மாட்டியவரும் அதையேதான் சொல்வார். உங்கள் வண்டிக்கு எது நடந்தது என்பது திறந்தால்தான் தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ஆக்சிலின் நுனியில் ஸ்பிண்டில் என்ற தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அது அசையாது. அதைச் சுற்றி ஹப் சுழலும், சக்கரம் ஹப்பில் மாட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு பேரிங்குகள். வண்டியின் உட்பக்கம் இருப்பது பெரியது, வெளிப்பக்கம் இருப்பது சிறியது. இரண்டும் கூம்பு வடிவ ரோலர் பேரிங்குகள். உள் வளையமும் ரோலர்களும் அவற்றைப் பிடித்திருக்கும் கூண்டும் சேர்ந்த பகுதிக்குக் கோன் என்று பெயர். ஹப்புக்குள் இறுக்கமாக அடித்து உட்கார வைத்திருக்கும் வெளி வளையம் கப். உட்பக்க பேரிங்குக்குப் பின்னால், கிரீஸ் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் உதடு வைத்த கிரீஸ் சீல். வெளிப்பக்க பேரிங்குக்கு முன்னால் வாஷர், நட்டு, நட்டு சுழன்று கழலாமல் பூட்டும் காட்டர் பின், கடைசியாக டஸ்ட் கேப்.

இந்தக் கூம்பு ரோலர் பேரிங்குக்கு ஹென்றி டிம்கென் 1898-ல் காப்புரிமை பெற்றார். அவர் குதிரை வண்டிகள் செய்தவர். பாரம் ஏற்றிய வண்டி திரும்பும்போது சக்கரத்தின் மேல் பக்கவாட்டில் விழும் அழுத்தம்தான் அவரை யோசிக்க வைத்தது. டிரெய்லருக்கும் அதே கதைதான். மேலிருந்து எடை அழுத்துகிறது, திருப்பத்தில் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இரண்டையும் ஒரே பேரிங் தாங்குவதால்தான் இன்றும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

பெரும்பாலான ஆக்சில் கையேடுகள் 12 மாதம் அல்லது 12,000 மைல், அதாவது ஏறக்குறைய 19,000 கிலோமீட்டர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது கழற்றிப் பார்க்கச் சொல்கின்றன. பொழுதுபோக்குக்கு டிரெய்லர் இழுப்பவர்களில் யாரும் அவ்வளவு தூரம் ஓட்டுவதை நான் பார்த்ததில்லை. ஆகவே வருடத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் டிரெய்லரில் ஸ்பிண்டில் நுனியிலேயே, கிரீஸ் உள்ளே செலுத்தும் சின்ன முனையான கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. ரப்பர் மூடியை எடுத்து, கிரீஸ் கன்னால் அடித்தால் போதும் என்கிறார்கள். பிறகு எதற்கு ஹப்பைக் கழற்ற வேண்டும்?

பதில்: வந்த கடிதங்களில் மிக அதிகமாகக் கேட்கப்பட்டது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் நிப்பிள் எந்த வகை என்று பாருங்கள். ஸ்பிண்டிலின் நடுவில் துளை போட்டு, அதன் வழியாகக் கிரீஸை அனுப்பும் வகை ஒன்று. அதில் கிரீஸ் தண்டின் உள்ளே போய், சீலுக்கும் உட்பக்க பேரிங்குக்கும் நடுவில் வெளியே வரும். அங்கிருந்து உட்பக்க பேரிங்கைக் கடந்து, ஹப்பின் வயிற்றை நிரப்பி, வெளிப்பக்க பேரிங் வழியாக முன்னால் வரும். பழைய கிரீஸை முன்னே தள்ளிக்கொண்டு வருவதால் ஏற்பாடு நல்லதுதான். இன்னொரு வகை, டஸ்ட் கேப்புக்குப் பதிலாக மாட்டும் ஸ்பிரிங் வைத்த மூடி. அது படகு டிரெய்லர்களுக்காக வந்தது. உள்ளே கொஞ்சம் அழுத்தத்தை வைத்திருந்து தண்ணீர் புகாமல் தடுப்பது அதன் வேலை. அதில் அடிக்கும் கிரீஸ் வெளிப்பக்க பேரிங் பக்கமாக நுழைவதால், உட்பக்க பேரிங்குக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

முதல் வகையாக இருந்தாலும் செய்முறையில் கவனம் வேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு கையால் நிதானமாகச் சுழற்றிக்கொண்டே, இன்னொரு கையால் மெதுவாக அடிக்க வேண்டும். கையால் அடிக்கும் கன் மட்டும்தான். காற்றழுத்தத்திலோ பேட்டரியிலோ ஓடும் கன் வேண்டவே வேண்டாம். கிரீஸ் முன்பக்கம் வருவதற்குத் தடையாக இருந்தால், பின்னால் இருக்கும் சீலைத்தான் அது தள்ளும். சீலின் உதடு மெல்லிய ரப்பர், எவ்வளவு தாங்கும்? சீலுக்குப் பின்னால் பிரேக் இருக்கிறது.

பட்டறைக்கு ஒரு முறை ஒரு டிரெய்லர் வந்தது. பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றார் உரிமையாளர். அக்கறையான மனிதர், ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் தவறாமல் நிப்பிளில் கிரீஸ் அடித்துவிடுவாராம். பிரேக் டிரம்மைக் கழற்றினேன். உள்ளே பிரேக் ஷூ, எலெக்ட்ரிக் பிரேக்கை இயக்கும் காந்தம், ஸ்பிரிங் எல்லாவற்றின் மேலும் கிரீஸ் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. சீல் தன் இடத்தை விட்டு நழுவித் தண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங். கிரீஸ் ஊறிய லைனிங்கை எதைப் போட்டுக் கழுவினாலும் அது பழையபடி பிடிக்காது. சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். ஷூவை மாற்றத்தான் வேண்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் சமமாகப் பிடிக்காது என்பதால் அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும்.

நான் நிப்பிளை எதிர்க்கவில்லை. தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு ஈரத்தை வெளியே தள்ள அது நல்ல வழி. ஆனால் நிப்பிளுக்குக் கண் கிடையாது. ரோலரில் சின்னக் குழி விழுந்திருக்கிறதா, சீல் உதடு கிழிந்திருக்கிறதா, பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா, இதையெல்லாம் நிப்பிள் உங்களுக்குச் சொல்லாது. வருடத்துக்கு ஒரு முறை ஹப்பைக் கழற்றுவதன் முக்கிய நோக்கமே பார்ப்பதுதான். கழற்றிய பிறகு எப்படியும் கிரீஸ் போடுகிறோம்.

கேள்வி: நானே வீட்டில் இந்த வேலையைச் செய்யலாம் என்று இருக்கிறேன். ஓரளவு கருவிகள் உண்டு, கார் டயர் மாற்றிய பழக்கம் உண்டு. ஆரம்பத்திலிருந்து சொல்ல முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். பொறுமையும் சுத்தமான துணியும்தான் முக்கியம். முதல் முறை ஒரு நாள் முழுக்க ஒதுக்கிக்கொள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம்.

டிரெய்லர் சமதளத்தில், இழுக்கும் வண்டியோடு மாட்டிய நிலையிலேயே இருக்கட்டும். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை ஆக்சில் குழாயின் நடுவில் கொடுக்காதீர்கள், குழாய் வளைந்துவிடும். ஆக்சில் செய்தவர்கள் சொல்லும் இடத்தில், பெரும்பாலும் சட்டத்தில், கொடுங்கள். நான்கு மூலையிலும் இருக்கும் ஆட்டம் நிறுத்தும் கால்கள் வண்டியைத் தூக்குவதற்கானவை அல்ல. தூக்கிய பின் ஸ்டாண்டு வைத்து அதன் மேல் எடையை இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் கை நீட்ட வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றும் முன் ஒரு சோதனை. மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். பிறகு சுழற்றிவிட்டுக் காது கொடுங்கள். லேசான உரசல் சத்தம் பிரேக் ஷூவுடையதாக இருக்கலாம். கரகரவென்றோ கடகடவென்றோ கேட்டால் பேரிங்.

சக்கரத்தை எடுத்துவிட்டு, டஸ்ட் கேப்பைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றுங்கள். ஒரே பக்கத்தில் நெம்பினால் நசுங்கும். காட்டர் பின்னை நிமிர்த்தி உருவுங்கள், அது இனிக் குப்பைக்கு. சில ஆக்சில்களில் பின்னுக்குப் பதிலாக மடித்த தகடோ கூண்டு மாதிரியான பூட்டோ இருக்கும். நட்டையும் வாஷரையும் எடுத்துவிட்டு ஹப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்தால் வெளிப்பக்க பேரிங் கையில் வந்து விழும். அதைப் பிடித்துக்கொண்டு ஹப்பை நேராக உருவுங்கள். உட்பக்க பேரிங் சீலுக்குப் பின்னால் சிறைப்பட்டிருக்கும். சீலை நெம்பி எடுத்தால் அதுவும் வெளியே வரும். பழைய சீலைத் திரும்பப் போட வேண்டாம்.

எது எந்தப் பக்கத்துக் கோன் என்று குழம்பாமல் தனித்தனியாக வையுங்கள். இத்தனை காலம் எந்தக் கப்போடு ஓடியதோ அந்தக் கப்புக்கே அந்தக் கோன் திரும்பப் போக வேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், மூச்சில் போகும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பேரிங்கை மண்ணெண்ணெயிலோ அதற்கென்று விற்கும் கழுவும் திரவத்திலோ நனைத்து, பிரஷால் ரோலர் இடுக்குகளில் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து. துடைத்துக் காயவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்து பேரிங்கைச் சுழல விடுவது சிலருக்கு வேடிக்கை. கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் ரோலர் தேயும், கூண்டு உடைந்து ரோலர் தெறித்தால் கண் போய்விடும்.

இப்போது வெளிச்சத்துக்கு வாருங்கள். இந்த இடத்தில் நான் எப்போதும் நேரம் எடுத்துக்கொள்வேன். கோனை விரலில் மாட்டி, ஒவ்வொரு ரோலராக உருட்டிப் பாருங்கள். நல்ல ரோலர் சாம்பல் நிறத்தில், முழுக்க ஒரே பளபளப்பில் இருக்கும். பொடிப்பொடியாகக் குழி விழுந்து, மேல்தோல் செதிலாக உரிந்திருந்தால் உலோகம் களைத்துவிட்டது என்று பொருள், அது இனித் தேறாது. நீலமோ அடர்ந்த பழுப்போ ஏறியிருந்தால் ஒரு காலத்தில் கடுமையாகச் சூடாகியிருக்கிறது. ரோலரின் நீளத்துக்கு ஒரு கறுத்த கோடு, அடுத்த ரோலரிலும் அதே இடைவெளியில் இன்னொரு கோடு தெரிந்தால், ஈரத்தோடு நெடுநாள் அசையாமல் நின்ற வண்டி. கப்பைத் துடைத்துவிட்டு உள்ளே நகத்தால் சுற்றி வருடிப் பாருங்கள். நகம் எங்காவது இடறினால் மாற்ற வேண்டும். ரோலர்கள் இருக்கும் அதே இடைவெளியில் பள்ளங்கள் தெரிந்தால் பலமான அடி விழுந்திருக்கிறது, ஒரு பெரிய குழியில் சக்கரம் இறங்கியிருக்கலாம். கூண்டு வளைந்திருந்தாலும் அந்த பேரிங் வேண்டாம்.

மாற்றும்போது கோனையும் கப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுக் கோனைப் பழைய கப்பில் ஓட்டினால் புதியதும் சீக்கிரம் பழையதாகிவிடும். கப்பை வெளியே தள்ள ஹப்பின் உள்ளே இரண்டு இடங்களில் பள்ளம் விட்டிருப்பார்கள். பித்தளைத் தண்டை அங்கே வைத்து மாற்றி மாற்றித் தட்டினால் நேராக வரும். புதியதைச் சாயாமல் உட்கார வைக்க வேண்டும். அடி வரைக்கும் போய்ச் சேர்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், கணீரென்ற ஓசை கெட்டியாகிவிடும். இதில் தயக்கம் இருந்தால் ஹப்பை மட்டும் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போய் பிரஸ்ஸில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

கிரீஸ் நிரப்புவது கைவேலை. கையுறை போட்டுக்கொண்டு, இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழ அளவு கிரீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கோனை வலது கையில் பிடித்து, அதன் அகலமான விளிம்பை உள்ளங்கையின் அடிப்பக்கத்தில் அழுத்தி உங்களை நோக்கி இழுங்கள். கூண்டுக்கும் உள் வளையத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாகக் கிரீஸ் நுழைய வேண்டும். ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால், குறுகலான பக்கத்தில் ரோலர்களுக்கு நடுவில் கிரீஸ் புழு மாதிரி எட்டிப் பார்க்கும். அது வந்த பிறகுதான் அடுத்த ரோலருக்கு நகர வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று. வெளியே மட்டும் பூசிய பேரிங்கும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், உள்ளே காய்ந்திருக்கும். கப்பின் மேலும் ஒரு பூச்சு, ஹப்பின் உள்சுவரில் ஒரு வளையம் அளவுக்குக் கிரீஸ், போதும். ஹப்பின் வயிற்றை அடைக்க அடைக்கத் திணித்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடேறும்.

உட்பக்க பேரிங்கை வைத்து, புது சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் பேரிங்கைப் பார்த்திருக்கும்படி, ஒரு தட்டையான மரக்கட்டையை மேலே வைத்துச் சமமாகத் தட்டி உட்கார வையுங்கள். ஸ்பிண்டிலில் சீல் உரசும் இடத்தையும் துடைத்துப் பாருங்கள். அங்கே கோடு விழுந்திருந்தால் எந்தப் புது சீலும் நிற்காது. ஹப்பை ஏற்றும்போது நேராக ஏற்றுங்கள், ஸ்பிண்டிலின் மரை சீலைக் கிழித்துவிடக் கூடாது. நட்டை இறுக்குவது பற்றி அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

கேள்வி: நட்டை நன்றாக முறுக்க வேண்டும் என்கிறார் அண்ணன். கையால் திருகினால் போதும் என்கிறேன் நான். வீட்டில் இது பெரிய வாக்குவாதம். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கட்சிதான் சரி. ஆனால் அண்ணன் சொல்வதையும் முதலில் ஒரு முறை செய்ய வேண்டும்.

ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை 50 அடி-பவுண்டு, அதாவது சுமார் 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். அப்போதுதான் கப்பிலும் கோனிலும் ரோலர்கள் தத்தம் இடத்தில் உட்காரும், நடுவில் இருக்கும் உபரிக் கிரீஸும் விலகும். பிறகு ஹப்பைச் சுழற்றாமல் நட்டை முழுக்கத் தளர்த்துங்கள். அப்புறம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு விரலால் மட்டும் திருகுங்கள், தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். பின் துளை நேராக வந்தால் பின்னைப் போடுங்கள். வராவிட்டால் நட்டின் விளிம்பில் இருக்கும் அடுத்த பள்ளம் துளைக்கு நேராக வரும் வரை பின்னோக்கித் திருப்புங்கள், முன்னோக்கி வேண்டாம். பின் போட்ட பிறகும் நட்டை விரலால் ஆட்டினால் பின்னின் இடைவெளிக்குள் கொஞ்சம் அசைய வேண்டும்.

இது பொதுவான வழக்கம், இருந்தாலும் உங்கள் ஆக்சிலின் கையேடு வேறு எண் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். ஹப் முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்குள் அசைந்தால் அது அனுமதிக்கப்பட்ட ஆட்டம்தான். ஓடும்போது எல்லாம் சூடாகி விரியும், அதற்கு இடம் வேண்டும். அண்ணன் முறுக்கியபடியே விட்டுவிட்டால் ரோலர் நெருக்கப்பட்டுக் கிரீஸ் படலம் கிழிந்து, பேரிங் சீக்கிரமே எரியும். ரொம்பத் தளர்வாக விட்டால் சக்கரம் ஆடி, சீல் ஒரு பக்கமாகத் தேய்ந்து ஒழுகும்.

சக்கர நட்டு வேறு கதை. அதை, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்றை விட்டு எதிரெதிராக, இறுக்க வேண்டும். அரை அங்குல போல்ட்டுக்குப் பொதுவாக 90 முதல் 120 அடி-பவுண்டு. முதல் 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: எந்தக் கிரீஸ்? கடையில் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று எத்தனையோ இருக்கிறது.

பதில்: நிறத்தைப் பார்க்காதீர்கள். அது தயாரிப்பவர் சேர்க்கும் சாயம், தரத்தைச் சொல்லாது. டப்பாவில் கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் என்.எல்.ஜி.ஐ. 2 என்ற எண்ணும், சக்கர பேரிங்குக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டப் பாகங்களுக்கும்) ஏற்றது என்பதைக் குறிக்கும் ஜி.சி.-எல்.பி. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை எனக்குப் பிடித்தது. சாதாரண லித்தியம் கிரீஸ் 190 டிகிரி செல்சியஸ் அருகில் உருகிச் சொட்டத் தொடங்கிவிடும், காம்ப்ளெக்ஸ் வகை 250 டிகிரி வரை கூடத் தாங்கும். டிரம் பிரேக்கின் சூடு பக்கத்திலேயே இருப்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு வகைக் கிரீஸைக் கலக்காதது. களிமண் அடிப்படையிலும் பாலியூரியா அடிப்படையிலும் செய்த கிரீஸ்கள் லித்தியத்தோடு சேர்ந்தால் இரண்டும் இளகித் தண்ணீராக ஓடிவிடலாம். முன்பு என்ன போட்டிருந்தார்கள் என்று தெரியாத வண்டியில் நிப்பிள் வழியாகப் புதியதை அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். முழுக்கக் கழுவிவிட்டு ஒரே வகையில் தொடங்குங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக டிரெய்லர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஓடவே இல்லை என்பதால் பேரிங் புதுசாகத்தானே இருக்கும்?

பதில்: ஓடாத வண்டியைத்தான் நான் முதலில் கழற்றுவேன். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது ஹப்புக்குள் ஈரம் படியும். ரோலர் கப்பைத் தொடும் இடங்களில் கிரீஸ் மெல்ல விலகியிருக்கும், அங்கே கோடு கோடாகத் துரு பிடிக்கும். சீலின் ரப்பரும் ஒரே இடத்தில் காய்ந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும். நிறுத்திவைத்திருக்கும் காலத்தில் மாதம் ஒரு முறை வண்டியைக் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் நகர்த்தினால் நல்லது. இத்தனை காலம் நின்ற உங்கள் வண்டியைப் பயணத்துக்கு எடுப்பதற்கு முன் கட்டாயம் திறந்து பாருங்கள்.

கேள்வி: ஒரு நிறுத்தத்தில் ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. பயந்து போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டோம். எவ்வளவு சூடு வரை பரவாயில்லை?

பதில்: தொட்டுப் பார்த்தீர்களே, அது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஓடிய ஹப் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. மலை இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்தால் இன்னும் சூடாகவே இருக்கும். முதலில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு அடிக்கிறதா என்று பாருங்கள், பிறகு தொடுங்கள். உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியவில்லை என்றால் ஏறக்குறைய 60 டிகிரியைத் தாண்டியிருக்கிறது.

நான் எண்ணைவிட ஒப்பீட்டைத்தான் நம்புவேன். எல்லாச் சக்கரத்தையும் தொடுங்கள். எல்லாம் ஒரே அளவு சூடு என்றால் வெயில், வேகம், பிரேக் என்று பொதுவான காரணம். வெயில் படும் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது போகட்டும். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் ஏதோ இருக்கிறது. பேரிங்காக இருக்கலாம், விடாமல் உரசும் பிரேக் ஷூவாகவும் இருக்கலாம். தூக்கிச் சுழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். தூரத்திலிருந்து சூடு அளக்கும் அகச்சிவப்புக் கருவி இருந்தால் இன்னும் வசதி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹப்பின் ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள், உங்கள் வண்டிக்கு எது இயல்பு என்பது சில பயணங்களில் பிடிபடும். அளக்கும்போதே சக்கரத்தின் உட்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். ரிம்மின் உள்ளே கிரீஸ் கோடு தெறித்திருந்தால் சீல் போய்விட்டது.

கேள்வி: முகாம் இடத்துக்குப் போகும் வழியில் ஓடை குறுக்கிட்டது, அச்சு முழுகும் அளவு தண்ணீர். ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: ஆமாம். ஓடிச் சூடான ஹப் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். முடிந்தால் இறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்று ஹப்பை ஆறவிடுங்கள். வீடு திரும்பியதும் டஸ்ட் கேப்பைத் திறந்து கிரீஸைப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, கழற்றிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் துரு பிடிக்கும்.

கேள்வி: என் டிரெய்லரின் கையேட்டில் கிரீஸ் போடுவது பற்றி எதுவுமே இல்லை. நிப்பிளும் இல்லை.

பதில்: உங்களுடையது மூடிய பேரிங்காக இருக்கலாம். ஐரோப்பியக் கேரவன்களில் இது சகஜம். இரண்டு பேரிங்கும் ஒரே உருளையாக, ஆயுளுக்கும் போதுமான கிரீஸோடு மூடி வரும். அதைத் திறக்கக் கூடாது, திறக்கவும் முடியாது. ஆட்டமோ சத்தமோ வந்தால் முழுதாக மாற்ற வேண்டும். சில ஆக்சில்களில் ஹப்பைப் பிடிக்கும் நட்டு ஒரு முறை மட்டுமே பயன்படும் வகை. கழற்றினால் புதியது போட்டு, கையேட்டில் சொன்ன பெரிய முறுக்கில் இறுக்க வேண்டும். அல்-கோ நிறுவனத்தின் ஆக்சில்களில் அது 290 நியூட்டன் மீட்டர். அத்தனை முறுக்குக்கு ஏற்ற டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் அந்த நட்டைத் தொட வேண்டாம். மேலே சொன்ன விரல் திருகு முறையையும் இந்த வகையில் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: வழியில் பேரிங் போனால் சமாளிக்க என்னென்ன எடுத்துப் போகலாம்?

பதில்: தூரப் பயணம் என்றால், பேரிங்குகள் உள்ளே வைத்து, கிரீஸ் நிரப்பி, சீலும் போட்டுத் தயாராக இருக்கும் ஒரு முழு ஹப்பைப் பையில் கட்டி எடுத்துப் போங்கள். வழியோரத்தில் அழுக்குக் கையோடு கப் அடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. எலெக்ட்ரிக் பிரேக் உள்ளவர்களுக்கு ஹப்பும் டிரம்மும் ஒன்றாகவே வரும், எடை அதிகம். அவர்கள் ஒரு பக்கத்துக்கான இரண்டு கோன், இரண்டு கப், சீல் மட்டும் எடுத்துப் போகலாம். கூடவே காட்டர் பின் நாலைந்து, ஒரு டஸ்ட் கேப், சின்ன டப்பா கிரீஸ், கையுறை, குறடு, நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், பித்தளைத் தண்டு, சுத்தியல், நிறையப் பழந்துணி.

வாங்குவதற்கு முன் எண்ணைப் பாருங்கள். கோனின் முகத்திலும் கப்பின் விளிம்பிலும் எண் பொறித்திருக்கும். 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ தாங்கும் ஆக்சில்களில் மிகப் பரவலாக இருப்பது உட்பக்கம் எல் 68149, அதன் கப் எல் 68111. வெளிப்பக்கம் எல் 44649, அதன் கப் எல் 44610. உங்களுடையதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். இந்த முறை கழற்றும்போது நான்கு எண்களையும், சீலின் எண்ணையும், கழற்றிய தேதியையும் எழுதி, டிரெய்லரின் கதவுக்கு உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். தெரியாத ஊரில் கடைக்காரரிடம் போனில் கேட்கும்போது அந்தச் சீட்டு கையில் இருந்தால் போதும்.